"இது என்ன மரம் சார்?" கையால் கிட்டார் செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் பதினோரு வருடமாகக் கிட்டார் செய்துகொண்டிருக்கிறேன். இது என் தொழில் இல்லை, பகலில் கணக்கு எழுதும் வேலை. இதுவரை பதினான்கு முடிந்திருக்கிறது. இரண்டு பாதியிலேயே விறகாகிவிட்டது. கீழ்வீட்டுத் தாத்தா முதல் சர்ச்சில் வாசிக்கும் பையன்கள் வரை, மாடி ஏறி வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

அண்ணா, கிட்டார் செய்யணும்னா என்ன மரம் வாங்கணும்?

ஒரு மரம் போதாது தம்பி. நடுவில் துளை உள்ள மேல்பலகை, அதற்குப் பின்னால் பின்பலகை, இரண்டையும் சேர்க்கிற வளைந்த பக்கப்பலகைகள், கழுத்து, ஃப்ரெட் என்னும் உலோகக் கம்பிகளைப் பதிக்கிற விரல்பலகை, தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. கழுத்து வளையக் கூடாது. விரல்பலகை தேயக் கூடாது. மேல்பலகை லேசாகவும் இருக்க வேண்டும், விறைப்பாகவும் இருக்க வேண்டும்.

தந்தி தானாகச் சத்தம் போடாது. அவ்வளவு மெல்லிய கம்பியால் எவ்வளவு காற்றைத் தள்ள முடியும்? அது பிரிட்ஜை ஆட்டுகிறது, பிரிட்ஜ் மேல்பலகையை ஆட்டுகிறது, பலகைதான் காற்றைத் தள்ளுகிறது. அதனால் கையில் இருக்கும் பணத்தை முதலில் மேல்பலகையில் போடுங்கள். மீதிக்குப் பெரும்பாலும் நம் ஊர் மரக்கடையே போதும்.

எல்லாரும் ஸ்ப்ரூஸ் ஸ்ப்ரூஸ்னே சொல்றாங்க. நம்ம நாட்டுல மரமே இல்லையா?

நிறைய இருக்கிறது. இந்த ஒரு வேலைக்குப் பொருந்துவதுதான் குறைவு. ஸ்ப்ரூஸ் குளிர்நாட்டு ஊசியிலை மரம். அலாஸ்காவிலும் கனடாவின் மேற்குக் கரையிலும் வளர்வது சிட்கா வகை, ஐரோப்பிய மலைகளில் வளர்வது வேறு வகை. வருடத்தில் சில மாதங்களே வளர்வதால் வளையங்கள் சீப்பின் பல் மாதிரி நெருக்கமாகவும் நேராகவும் விழும். சிட்கா ஒரு கன மீட்டர் 400 கிலோவை ஒட்டி இருக்கும், தேக்கு 650. ஆனால் இழை ஓடும் திசையில் வளைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விறைப்பு. அதே விறைப்பை மூன்றில் இரண்டு பங்கு எடையில் தருகிறது என்பதுதான் ஸ்ப்ரூஸின் மகிமை.

இமயமலையிலும் ஒரு ஸ்ப்ரூஸ் உண்டு. அதைக் கிட்டாருக்கு ஏற்றபடி அறுத்து, காயவைத்து, சூளைப் பகுதியிலோ புழலிலோ ஒரு மரக்கடைக்காரர் எடுத்துக் காட்டி நான் பார்த்ததில்லை. எனவே மேல்பலகையை மட்டும் இறக்குமதிச் சரக்காகவே வாங்குகிறேன். உள்ளூர் மரம் என்ற பிடிவாதத்தை மற்ற எல்லா இடத்திலும் காட்டிக்கொள்ளலாம்.

சீடார் நல்லதா, ஸ்ப்ரூஸ் நல்லதா?

வெஸ்டர்ன் ரெட் சீடார் இன்னும் லேசு, இன்னும் மிருது. நகம் பட்டால் தழும்பு விழும். மெதுவாக மீட்டினாலே உடனே பேசும், சத்தத்தில் ஒரு வெதுவெதுப்பு இருக்கும். ஓங்கி அடித்தால் ஒரு கட்டத்துக்கு மேல் திணறும். ஸ்ப்ரூஸ் அப்படித் திணறாது, அடிக்க அடிக்கக் கொடுக்கும். விரலால் வாசிக்கிறவருக்கு சீடார், பிளெக்ட்ரம் வைத்து விளாசுகிறவருக்கு ஸ்ப்ரூஸ் என்பது என் கணக்கு. கடையில் வெறுமனே "சீடார்" என்று கேட்காதீர்கள். தேவதாருவை எடுத்துக் கொடுப்பார்கள், அது வேறு மரம்.

சார், வீணைக்குப் பலாதானே போடறாங்க? கிட்டாருக்கு மட்டும் ஏன் கூடாது?

இதைக் கேட்டவர் மயிலாப்பூரில் வீணை கற்றுக்கொள்ளும் அம்மா. நியாயமான கேள்வி. வீணை, மிருதங்கம், தவில் எல்லாமே பலாவில் பிறந்தவைதான். வீணையின் குடத்தைப் பலாவில் குடைகிறார்கள், மேலே மூடுகிற பலகையும் பலாதான். முழுவதையும் ஒரே மரத்தில் குடைந்தால் அது ஏகாண்ட வீணை.

ஆனால் வீணையின் நாதம் மரத்தில் மட்டும் இல்லை. தந்தியைத் தாங்கும் குதிரையின் தலையில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறதே, தந்தி அதன் பரப்பை உரசியபடி அதிர்கிறது. அந்த நீண்ட கார்வையும் கம்பீரமும் பெரும்பாலும் அங்கிருந்து வருபவை. கிட்டாரில் தந்தி ஒரு மெல்லிய எலும்பு விளிம்பில் உட்கார்ந்து, தன் சக்தியை மேல்பலகையிடம் ஒப்படைத்துவிடுகிறது. கனமான பலகையாக இருந்தால் அது பாதி வழியிலேயே களைத்துப்போகும்.

பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் பலா அருமை. நான் மூன்று செய்திருக்கிறேன். புதிதில் மஞ்சளாகப் பளீரென்று இருக்கும், இரண்டு வருடத்தில் தேன் நிறத்துக்கு இறங்கிவிடும். வாசித்துக் காட்டினால் மகோகனி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

வேற எந்த நம்மூர் மரம் போடலாம்?

கழுத்துக்கு சந்தனவேம்பு. லேசு, நேரான இழை, இழைப்புளிக்கு அடங்கும். வேம்பு, சந்தனவேம்பு, மகோகனி மூன்றும் தாவரவியலில் ஒரே குடும்பம் என்று சொன்னால் தச்சர்களே வியக்கிறார்கள். வேம்பும் பின்பலகைக்கு ஆகும், ஆனால் இழை முறுக்கிக்கொண்டு ஓடுவதால் இழைக்கும்போது பெயர்ந்து வரும். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நட்டிருக்கும் சில்வர் ஓக்கை மறந்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் அது, அங்கே அதில் கிட்டார் செய்கிறார்கள். சரியாக அறுத்தால் பாம்புத் தோல் போல மினுக்கும். தூள் பட்டால் சிலருக்கு உடம்பெல்லாம் அரிக்கும், எனக்கு அரித்தது. விரல்பலகைக்கு ஈட்டி அல்லது கருங்காலி. கருங்காலி என்ற பெயரில் மாலைக்கு விற்கிற கட்டையை நம்பி வாங்கிவிடாதீர்கள், அந்தப் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்களுக்கு உண்டு.

எங்க தாத்தா வீட்டை இடிச்சோம். பர்மா தேக்குக் கதவு ஒண்ணு இருக்கு. அதுல செய்யலாமா மாமா?

செய்யலாம், ஆனால் மேல்பலகை வேண்டாம். காரணம் இரண்டாவது பதிலில் இருக்கிறது. பழைய சென்னை வீடுகளின் தேக்கு எண்பது, நூறு வருடம் நம் வெயிலையும் மழையையும் பார்த்தாகிவிட்டது. இனி அது கோணப்போவதில்லை. கழுத்துக்கு அதைவிட நம்பகமான கட்டையை நான் தொட்டதில்லை.

மூன்று எச்சரிக்கை. ஒன்று, ஆணி. எல்லா ஆணியையும் எடுத்துவிட்டோம் என்று நினைக்கும்போது ஒன்று மிச்சம் இருக்கும், அது உங்கள் வாளின் பல்லை வாங்கிவிடும். இரண்டு, தேக்கில் மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். மூன்று, தேக்கின் எண்ணெய் பசையை ஏற்காது. ஒட்டுவதற்குச் சற்று முன்பு பரப்பைப் புதிதாக இழைத்து, அசிட்டோனால் துடைத்துவிட்டு உடனே ஒட்டுங்கள்.

ஈட்டி வாங்கினா ஃபாரஸ்ட்காரங்க பிடிப்பாங்களாமே?

மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி, அதாவது தோதகத்தி, உலகம் முழுக்க கிட்டார் செய்கிறவர்கள் தேடும் மரம். நமக்கோ அது நம் மாநிலத்து மரம். ஈட்டியை நினைத்தபடி வெட்டவோ வண்டியில் ஏற்றிப் போகவோ முடியாது. உரிமம் உள்ள கடையில் பில்லோடு வாங்குங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். "சார், பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்" என்கிற இடத்தில் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். பழைய கட்டில் கால், உடைந்த பீரோ இவற்றிலிருந்து ஈட்டி எடுப்பதும் நல்ல வழி. ஒரு விரல்பலகைக்கு அரை மீட்டர் துண்டு போதும்.

பின்பலகை மரம் மாத்தினா சத்தம் நிஜமாவே மாறுமா, இல்ல சும்மா விக்கறதுக்குச் சொல்றாங்களா?

இங்கேதான் சண்டை ஆரம்பிக்கும். ஈட்டி என்றால் ஆழமான அடித்தொனி, நீண்ட கார்வை, மகோகனி என்றால் வறண்ட, தெளிவான பேச்சு, மேப்பிள் என்றால் சட்டென்று அடங்கிவிடும் என்பது காலகாலமாகச் சொல்லப்படுவது. நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸ்பெயினின் அந்தோனியோ தே தோரஸ், இன்றைய கிட்டாரின் வடிவத்தை வகுத்தவர், 1862இல் ஒரு கிட்டார் செய்தார். மேல்பலகை மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ். பின்பக்கமும் பக்கங்களும் காகித அட்டை! அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாதத்தைப் பிறப்பிப்பது மேல்பலகைதான் என்று காட்டவே அப்படிச் செய்தார் என்பார்கள். 1995இல் அமெரிக்காவின் பாப் டெய்லர், சரக்கு ஏற்றும் பேலட்டின் ஓக் கட்டையைப் பின்பலகையாக வைத்து ஒன்று செய்தார், அதுவும் நன்றாகவே ஒலித்தது. 2018இல் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பின்பலகையும் பக்கங்களும் மட்டும் வெவ்வேறு மரமாக ஆறு கிட்டார்களைச் செய்யவைத்து, எது எந்த மரம் என்று கண்ணுக்குத் தெரியாதபடி 52 பேரை வாசிக்கச் சொன்னார்கள். ஆறுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண்தான் கிடைத்தது. நம் ஈட்டியின் சொந்தக்காரனான, விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட்டும் அதில் ஒன்று.

வித்தியாசமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. பின்பலகையின் எடையும், அது அதிர்வை எவ்வளவு விழுங்குகிறது என்பதும் கொஞ்சம் விளையாடத்தான் செய்யும். ஆனால் மேல்பலகையின் கனம், உள்ளே ஒட்டும் பட்டிகள், அறையின் ஈரம் ஆகியவற்றுக்குப் பிறகுதான் அது வரிசையில் நிற்கிறது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தால் ஈட்டியின் ஆழம் எனக்கும் கேட்கிறது, அது வேறு விஷயம்.

பலகையைத் தட்டிப் பாத்து எடுக்கறாங்களே, அது என்ன கணக்கு?

பானை வாங்கும்போது பாட்டி சுண்டிப் பார்ப்பாள் அல்லவா, அதே கணக்குதான். பலகையின் ஓரத்திலிருந்து நீளத்தில் கால் பங்குக்குச் சற்றே குறைவான இடத்தில் இரண்டு விரலால் லேசாகப் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள். பிடிக்கும் இடம் தப்பினால் நல்ல பலகையும் அட்டை மாதிரி "டப்" என்னும். சரியான இடத்தில் பிடித்தால் நல்ல பலகை "ணங்" என்று ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்த ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். சுருதி எது என்பது அப்போது முக்கியமில்லை, ஏனென்றால் இழைக்க இழைக்க அது இறங்கிக்கொண்டேதான் போகும்.

சமையலறைத் தராசில் எடை பார்ப்பதும் அவசியம். ஒரே அளவில் இரண்டு பலகை இருந்தால் எடை குறைந்ததையும், கையால் வளைத்தால் அடங்காததையும் எடுங்கள். காது ஏமாறும், தராசு ஏமாறாது.

மேல்பலகை எத்தனை மில்லி வைக்கணும்?

எண் கேட்பவர்களுக்கு: இரும்புத் தந்தி என்றால் 2.5 முதல் 3 மில்லிமீட்டர். நைலான் என்றால் 2 முதல் 2.5. பக்கங்கள் 2 மில்லியை ஒட்டி.

ஆனால் எண்ணைப் பார்த்து இழைத்தால் பாதிக் கிட்டார்தான் வரும். பலகையின் விறைப்பு அதன் கனத்தின் கன மடங்கில் மாறும். 3 மில்லியை 2.4 ஆக்கினால் ஐந்தில் ஒரு பங்குதான் குறைத்திருக்கிறீர்கள், விறைப்போ பாதியாகிவிட்டது. ஒரே மரத்தின் இரண்டு பலகைக்கே விறைப்பு வேறுபடும்போது, யாரோ சொன்ன எண்ணுக்கு என்ன அர்த்தம்? இழைத்து இழைத்து வளைத்துப் பாருங்கள், கை சொல்லும். முதல் கிட்டாரில் பயந்து கொஞ்சம் கனமாகவே விடுவது தப்பில்லை. இரும்புத் தந்தி ஆறும் சுருதிக்கு வந்தால் எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும், ஒரு பெரிய ஆள் பிரிட்ஜில் தொங்குவது மாதிரி. நைலானில் ஏறக்குறைய அதில் பாதி.

உள்ளே குச்சி குச்சியா ஒட்டியிருக்கே, அது எதுக்கு அங்கிள்?

அந்த ஆள் தொங்கும்போது பலகை குழிந்துவிடாமல் தாங்கத்தான். அவற்றைப் பட்டிகள் என்று சொல்கிறேன், மேல்பலகையைப் போலவே ஸ்ப்ரூஸ்தான். இரும்புத் தந்திக் கிட்டாரில் இரண்டு முக்கியப் பட்டிகள் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போகும். அமெரிக்காவின் மார்ட்டின் பட்டறையில் 1840களில் வந்த முறை அது. நைலான் கிட்டாரில் விசிறி மாதிரி விரியும், அதைச் சீர்செய்தவர் மேலே சொன்ன அட்டைக் கிட்டார் தோரஸ்.

பட்டியின் உயரத்துக்கும் அதே கன மடங்குக் கணக்குதான், அகலத்துக்கு இல்லை. அதனால் பட்டியை உயரமாக, ஒல்லியாக வைத்துவிட்டு உளியால் நுனிகளைச் சீவிக்கொண்டே வந்து, ஒவ்வொரு முறையும் பலகையைத் தட்டிக் கேட்பேன். "டொக்" என்றிருந்தது ஒரு கட்டத்தில் "தொம்ம்" என்று திறக்கும். அங்கே உளியைக் கீழே வைத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் சீவலாமே என்ற ஆசையில்தான் என் இரண்டாவது கிட்டார் விறகானது.

நம்ம சென்னை ஈரத்துல இதெல்லாம் நடக்குமா?

எல்லா மரக் கேள்விகளுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. யாரும் முதலில் கேட்பதில்லை.

மரம் செத்த பிறகும் மூச்சு விடுகிறது. காற்றில் ஈரம் கூடினால் குடித்து உப்பும், குறைந்தால் சுருங்கும். நீளத்தில் இல்லை, குறுக்கே. கிட்டார் செய்கிற பட்டறைகளில் காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 50 சதவீதத்தில் வைப்பார்கள். இங்கே வருடத்தில் பெரும்பாலான காலைகளில் 70க்கு மேல். ஐப்பசி, கார்த்திகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 400 மில்லி அகல மேல்பலகையை 80 சதவீத ஈரத்திலிருந்து 45க்குக் கொண்டுவந்தால் சுமார் நான்கு மில்லி சுருங்கும். பலகை தனியாக இருந்தால் பிரச்சினை இல்லை. அதன் குறுக்கே பட்டிகளை ஒட்டியிருக்கிறீர்களே, பட்டி தன் நீளத்தில் சுருங்காது. பலகை சுருங்கப் பார்க்கும், பட்டி விடாது. கடைசியில் பலகைதான் பிளக்கும்.

என் மூன்றாவது கிட்டாரின் பட்டிகளை ஒரு நவம்பர் மழை நாளில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, எஃப்எம் கேட்டபடி ஒட்டினேன். இங்கே இருந்தவரை தேன். மார்ச்சில் அக்கா மகன் அதை பெங்களூருக்கு எடுத்துப் போனான். அந்த ஊர்க் கோடையின் வறட்சியில் மூன்றே வாரத்தில் பிரிட்ஜுக்குக் கீழே ஒரு ஜாண் நீளத்துக்கு விரிசல். அவனோ, "நான் ஒண்ணும் பண்ணல மாமா" என்று அழாத குறை. அவன் ஒன்றும் பண்ணவில்லைதான். பண்ணியது நான், நவம்பரிலேயே.

இப்போது அறையில் பழைய ஏசி ஒன்று டிரை மோடில் ஓடுகிறது, சுவரில் ஈரமானி. 45 காட்டினால் மேல்பலகை, பின்பலகை இரண்டுக்கும் பட்டி ஒட்டலாம். கழுத்து சீவுவது, பிரிட்ஜ் செதுக்குவது எல்லாம் எந்த ஈரத்திலும் நடக்கட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை. முடித்த பலகைகளைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு கட்டிக் கட்டிலுக்கு மேல் வைத்தோம். நாங்கள் தரையில் படுத்தோம்.

மரம் காஞ்சிடுச்சான்னு எப்படித் தெரியும்? கடைக்காரர் "சீசன் பண்ணது சார்" னு சத்தியம் பண்றார்.

பலகையை அறுத்து, நடுவில் ரீப்பர் வைத்து அடுக்கி, ஒவ்வொரு ஞாயிறும் எடை பார்த்து அதன் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். எடை இறங்குவது நிற்கும்வரை அது மரம் இல்லை, காய்கறி.

ஃபெவிகால் போதுமா?

கட்டிலுக்கும் அலமாரிக்கும் போதும். பொதுவாக வெள்ளைப் பசைகள் காய்ந்த பிறகும் கொஞ்சம் ரப்பர் குணத்தோடு இருக்கும். எழுபது கிலோ இழுவை நாள் முழுக்க இருந்தால் பிரிட்ஜ் தலைமுடி அளவு தலைமுடி அளவாக நகரும். வெயிலில் நிறுத்திய காருக்குள் இன்னும் வேகமாக. கிட்டார்காரர்கள் டைட்பாண்ட் மாதிரி மஞ்சள் பசை போடுகிறார்கள், நானும் அதுதான். எந்தப் பசையாக இருந்தாலும் சித்திரை மாதக் காரில் கிட்டாரை விடாதீர்கள்.

பழைய தச்சர்கள் சொல்லும் வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை, இன்னும் நல்லது. கண்ணாடி மாதிரி இறுகும், நகராது. பிற்காலத்தில் பழுது பார்க்கும்போது சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். குளிர்நாட்டில் அது சட்டென்று உறைந்துவிடும் என்பதால் மரத்தைச் சூடாக்கிவிட்டு ஓடி ஓடி ஒட்டுவார்கள். நம் மே மாதத்தில் நிதானமாக ஒட்டலாம், சென்னை வெயிலால் கிட்டாருக்குக் கிடைக்கும் ஒரே நன்மை. வாடையைத்தான் வீட்டில் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் பொறுக்கவில்லை.

பக்கப்பலகையை வளைக்கும்போது பட்டுனு உடைஞ்சிடுச்சு. என்ன தப்பு?

அநேகமாக மூன்றில் ஒன்று: கனம் இரண்டு மில்லிக்கு மேல் இருந்திருக்கும், சூடு பத்தாமல் கையால் அழுத்தியிருப்பீர்கள், அல்லது இழை குறுக்கே ஓடும் துண்டு. வளைப்பது தண்ணீர் இல்லை, சூடு. இரும்புக் குழாயை உள்ளிருந்து சூடாக்கி, தண்ணீர் தெளித்தால் துளிகள் துள்ளி ஓடும் பதத்தில் (தோசைக்கல் பதம்தான்) பலகையை வைத்து லேசாக ஆட்டிக்கொண்டே இருங்கள். ஒரு கணத்தில் மரம் தானே தளரும், அது கைக்குத் தெரியும். அதற்கு முன்னால் பலம் காட்டினால் உடையும். ஈட்டி சொன்னபடி கேட்கும். பலா இடுப்பு வளைவில் அடம் பிடிக்கும்.

ஃப்ரெட் எங்க வைக்கணும்னு காதால பாத்தே வைக்க முடியாதா? வீணையில மேளம் கட்டறவங்க அப்படித்தானே செய்யறாங்க?

வீணையில் மெட்டுகள் மெழுகில் உட்காருகின்றன. தப்பினால் மெழுகை இளக்கி நகர்த்தலாம். கிட்டாரில் வாள் போட்டு அறுத்த பள்ளம், போனால் போனதுதான். அதனால் கணக்கு: நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் தந்தி உட்காரும் விளிம்பு) சாடில் (பிரிட்ஜில் உள்ள எலும்பு விளிம்பு) வரை உள்ள நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட். 650 மில்லிக்கு 36.48. மீதி நீளத்தை மறுபடி 17.817 ஆல் வகுத்தால் அடுத்தது. பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 325இல் விழ வேண்டும். விழாவிட்டால் எங்கோ கூட்டல் தப்பு. ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள், முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்தால் சின்னச் சின்னத் தப்புகள் சேர்ந்துவிடும். தந்தியை அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி ஏறுமே, அதற்காக சாடிலை இரண்டு மூன்று மில்லி பின்னால் தள்ளி, தடித்த தந்திப் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்து வைக்கிறோம்.

பியூ பாலிஷ் அடிச்சா சத்தம் செத்துடும்னு ஃபிரண்டு சொல்றான்.

பியூ (பாலியூரித்தேன்) கொல்லாது, தடிப்புதான் கொல்லும். எந்தப் பூச்சாக இருந்தாலும் மேல்பலகையில் மெல்லியதாகப் போடுங்கள். நான் போடுவது அரக்கு. அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டி, துணி உருண்டையில் தொட்டு, ஒரு துளி எண்ணெயோடு வட்டம் வட்டமாகத் தேய்க்கும் பழைய பிரெஞ்ச் பாலிஷ். அரக்கும் ஸ்பிரிட்டும் பாரிமுனைப் பக்கம் சுலபமாகக் கிடைக்கும். வேர்வை அதிகம் உள்ளவர் கைபட்டால் அரக்கு மங்கும், அவர்களுக்கு லேக்கர்தான் நல்லது. மழை நாளில் அரக்கு போட்டால் பூஞ்சை படர்ந்த மாதிரி வெளுக்கும். எல்லா வழியும் ஈரமானியில்தான் போய் முடிகிறது, பார்த்தீர்களா?

வயசாக ஆக சத்தம் கூடும்ங்கறது உண்மையா?

மரத்துக்குள் இருக்கும் சில பொருட்கள் வருடக்கணக்கில் மெல்லச் சிதைகின்றன. அதனால் பழைய மரம் ஈரத்தைக் குறைவாக இழுக்கும், கொஞ்சம் லேசாகவும் ஆகும். அது உண்மை. புதுக் கிட்டார் முதல் சில வாரத்தில் மாறுவதும் உண்மை, ஒட்டின இடங்களும் பலகையும் அந்த இழுவைக்குப் பழகுகின்றன. ஆனால் பத்து வருடத்தில் நம் காதும் விரலும் மாறியிருக்கும். எது எவ்வளவு என்று பிரிக்க எனக்கு வழியில்லை. மந்தமாகப் பிறந்தது வயதானால் பாடும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

கடையில வாங்கறதைவிட மலிவா முடியுமா?

முடியாது. முதல் கிட்டாரில் மரத்துக்குச் செலவானதைவிட கிளாம்ப்புக்குச் செலவானது அதிகம். அப்புறம் ஒன்பது மாத ஞாயிற்றுக்கிழமைகள்.

பையன் அமெரிக்காவுல இருக்கான். நீங்க செஞ்ச ஈட்டிக் கிட்டாரை எடுத்துட்டுப் போகலாமா, ஏர்போர்ட்ல பிடுங்கிடுவாங்களா?

ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் சைட்டீஸ் என்ற உலக ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் வந்தது. அப்போது பலர் கிட்டாரோடு பயணம் செய்யவே பயந்தார்கள். 2019 நவம்பர் 26 முதல் முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை, அது 1992 முதலே கடும் பட்டியலில் இருக்கிறது. எதற்கும் என்ன மரம் என்று நான் எழுதிக் கொடுக்கும் தாளையும் மரக்கடை பில் நகலையும் பெட்டியில் வையுங்கள்.

எனக்குக் கவலை ஏர்போர்ட் இல்லை, அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீடு. அந்த வறட்சிக்கு முன் பெங்களூர் மார்ச் ஒன்றுமே இல்லை. பெட்டிக்குள் ஈரப் பஞ்சு டப்பா வைக்கச் சொல்லுங்கள். சென்னையில் சிலிக்கா ஜெல், அங்கே ஈரப் பஞ்சு.

ஒரே மரம், ஒரே அளவுல ரெண்டு செஞ்சேன். ஒண்ணு பாடுது, இன்னொண்ணு வாயே திறக்கல. ஏன் சார்?

இதைக் கேட்டவர் அம்பத்தூரில் லேத் வைத்திருக்கிறார். நூறில் ஒரு மில்லி சுத்தமாக வேலை செய்கிறவர். அதுதான் அவருடைய சிக்கலே. இரும்பில் ஒரே அளவு என்றால் ஒரே பொருள். மரத்தில் ஒரே அளவு என்றால் இரண்டு விறைப்பு. மேல்பலகை பற்றிச் சொன்னதைத் திரும்பப் படித்துவிட்டு வாருங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். வாய் திறக்காததை மேசையில் வைத்து, தந்தியைத் தளர்த்தி, பிரிட்ஜைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்தோம். நன்றாகப் பாடியது மெத்தை மாதிரி கொஞ்சம் இறங்கியது, இது சிமெண்டுத் தரை. வலது கையைத் துளைக்குள் விட்டு, உப்புத்தாளைச் சின்னக் கட்டையில் ஒட்டி, தடித்த தந்திப் பக்கத்துப் பட்டியின் நுனியைத் தடவித் தடவித் தேய்த்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தட்டிக் கேட்டோம். அவர் நடுவில் வெர்னியர் அளவுகோலை எடுத்தார், உள்ளே வைக்கச் சொன்னேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு "தொம்ம்" வந்தது. தந்தி ஏற்றி வாசித்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகக் கீழே இறங்கினார்.

புதன்கிழமை போன் செய்தார். "சார், முதல்ல பாடிட்டிருந்த கிட்டார் இப்ப மந்தமா இருக்கற மாதிரி தோணுது. ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?"